இங்கேயும் இருக்காரா?

"ஹலோ... ஹலோ, அண்ணி? ... ஆமா, நான்தான். ... ஆமா ஆமா, சாப்பாட்டு நேரம்தான். ... இல்ல, இறங்கி வரல. இறங்கணும்னா முதல்ல ஏறியிருக்கணும்ல? ... காலையிலருந்தே கீழதான் இருக்கேன். ... ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

அண்ணி கேட்கவில்லை. வழக்கமாக அந்தப் பக்கத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, துணியைத் தள்ளியபடியேதான் அண்ணி பேசுவார். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மெஷின் குறுக்கே புகுந்து கடகடக்கும். இன்றைக்கு மெஷின் வாயே திறக்கவில்லை. அவளுக்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

டவர் கிரேனின் காலடியில் ஒரு கான்கிரீட் கட்டையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹெல்மெட். பக்கத்தில் மூடி திறக்காத சாப்பாட்டு டப்பா. தலைக்கு மேலே மஞ்சள் இரும்புச் சட்டங்கள் கூண்டுகூண்டாக அடுக்கிக்கொண்டு போய், உச்சியில் கண்ணாடி கேபின் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுடைய இடம். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் கம்பிக்கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் தூக்கி, பாதி எழும்பிய கட்டடத்தின் மேல் தளத்தில், தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல இறக்கி வைப்பாள். சைட்டில் அவளுக்குக் 'குருவி' என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை.

"சரி, நானே சொல்றேன். காலையில கேட்டுக்குள்ள நுழையறேன், இன்ஜினியர் சார் நிக்கிறாரு. ஏசியை விட்டு நகராத மனுஷன், புழுதியில வந்து நிக்கிறாரு. 'சிஸ்டர், ஒரு நிமிஷம்'ங்கிறாரு. சிஸ்டர்! ... இத்தனை வருஷமா 'ஏம்மா'தான். இல்லன்னா 'மேல இருக்கற அந்தப் பொண்ணு'. திடீர்னு சிஸ்டராயிட்டேன். ... இருங்க, முடிக்க விடுங்க. 'நீங்க இனிமே ஏற வேண்டாம், ஸ்டோர்ல உக்காந்துக்கங்க, வர்றவங்களுக்கு ஹெல்மெட், கையுறை எடுத்துக் குடுங்க. நானும் வீட்ல அவங்களும் உங்களுக்காக ஜெபிச்சிட்டிருக்கோம்'னாரு. ... ஆமா. அதேதான். ஜெபிச்சிட்டிருக்கோம். ... 'எதுக்காக சார் ஜெபிக்கறீங்க?'ன்னேன். மனுஷன் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. சாவு வீட்டுல நிக்கிற மாதிரி நின்னாரு, பாவம்."

எதிரே தகரக் கொட்டகையின் நிழலில் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் சேர்ந்து சிரமப்படுகிறார்கள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அண்ணி... அவரோட வீட்டுக்காரம்மா நம்ம பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு வர்றாங்கல்ல? ... வர்றாங்க. போன வாரமும் வந்திருந்தாங்க. எனக்கு ஷிப்டு, நான் வரல. நீங்க போனீங்க. ... ஜெபக்குறிப்பு யார் யாருக்கு இருக்குன்னு பாஸ்டரம்மா கேட்டிருப்பாங்க. ... கேட்டாங்க. சரி. நீங்க எழுந்திருச்சீங்களா? ... ம். ... ம். ... என்னது? பேர் சொல்லலையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"'நமக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி, கிரேன் ஓட்டறாங்க, அவங்களுக்காக ஜெபிச்சுக்கங்க.' ... இதானே சொன்னீங்க? ... பேர் சொல்லல, பேர் சொல்லலங்கிறீங்களே அண்ணி, நம்ம சபையில எத்தனை பொண்ணுங்க கிரேன் ஓட்டறாங்க? கீபோர்டு வாசிக்கிற சகோதரி ஓட்டறாங்களா? பாஸ்டரம்மா ஓட்டறாங்களா? ... சிரிக்கல, நான் சிரிக்கல. ... அழாதீங்க. இப்ப அழாதீங்க, அண்ணி. அழ வேண்டியது நான். உங்களுக்கு இடம் விட்டுக் குடுக்க இன்னைக்கு எனக்கு மனசு இல்ல."

ஜெபக்கூட்டத்துப் பழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. எதற்காக வேண்ட வேண்டும் என்று ஒருத்தர் சொல்வார், மற்றவர்கள் 'ஆமென்' போடுவார்கள், வீட்டுக்குப் போய்த் தனியாகவும் வேண்டிக்கொள்வார்கள். தனியாக வேண்டும்போது கணவன் கேட்பான், யாருக்கு, என்ன என்று. கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்காது. ஒருத்தியின் கஷ்டம் அப்படியே கைமாறிக் கைமாறி, பக்தியோடு, கண்ணீரோடு, ஊரைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும். அதைப் பற்றி இவளே அண்ணியிடம் கிண்டல் செய்ததுண்டு. இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததுண்டு.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்? ... அண்ணன்கிட்டகூட சொல்லலையே. 'என் தங்கச்சி ஆகாசத்துல வேலை பாக்கறா'ன்னு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியற மனுஷன், அவர்கிட்ட எப்படிச் சொல்றது? உங்ககிட்ட சொன்னேன். கதவைச் சாத்திட்டு, உங்க மெஷின் பக்கத்துல உக்காந்து சொன்னேன். நீங்க என் கையைப் பிடிச்சிக்கிட்டு என்ன சொன்னீங்க? ... ஆமா. 'இது நமக்கும் ஆண்டவருக்கும் நடுவுல'ன்னீங்க. நடுவுல இத்தனை பேரு இருக்காங்கன்னு சொல்லலையே!"

சொன்னது ஏணியைப் பற்றி.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள், வானம் கறுப்பதற்கும் காற்று வருவதற்கும் இடையே இறங்க நேரம் கிடைக்காமல் அவள் மேலேயே மாட்டிக்கொண்டாள். அந்த மாதிரிக் காற்றில் கிரேனைப் பிடித்து நிறுத்தக் கூடாது. பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். அதன் நீண்ட இரும்புக் கை காற்றோடு காற்றாக, அது போகிற பக்கமெல்லாம் திரும்பட்டும் என்று விட்டுவிட வேண்டும். பிடித்தால் சாயும், விட்டால் நிற்கும். வேலை கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தது அது. அவளும் அப்படியே செய்தாள். செய்துவிட்டு, தான் ஓட்டாமலே தன்னைச் சுமந்துகொண்டு சுழலும் அந்த இரும்புக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று ஓய்ந்து, கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரர் பாதி தூரம் ஏறிவந்து கூப்பிட்டபோதுதான் இறங்கினாள்.

கேபினில் அவளுக்குப் பயமில்லை. இன்றுவரை இல்லை. பயம் ஏணிக்கு வந்து ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை பாதி ஏணியில் விரல்கள் கம்பியைப் பிடித்தபடி பூட்டிக்கொண்டன. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே யாரையோ தேடுகிறவள்போல நடித்து, மூச்சைப் பிடித்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தாள். அன்று மாலைதான் அண்ணியிடம் கதவைச் சாத்தியது.

அதன் பிறகு அண்ணி ஒரு வழி செய்தார். தினமும் காலையில் அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏறுவாள். அண்ணி லைனில் இருப்பார். ஒவ்வோர் ஏணியும் முடிகிற இடத்தில், நின்று மூச்சு வாங்க ஓர் இரும்புத் தட்டு உண்டு. அங்கே அவள் கால் வைத்ததும் அண்ணி ஆண்டவரைப் பற்றிக் கேட்பார்: இங்கேயும் இருக்காரா? அவள் சொல்வாள்: இருக்காரு. அப்புறம் அடுத்த ஏணி. அவ்வளவுதான் ஜெபம். அதை வைத்துக்கொண்டே அவள் மழைக்காலம் முழுக்க ஏறினாள், பனிக்காலம் முழுக்க ஏறினாள். பயம் போகவில்லை. ஆனால் பயமும் அவளும் ஒன்றாக ஏறப் பழகிக்கொண்டார்கள்.

"சரி, விடுங்க. ஜெபக்குறிப்புன்னு சொல்லிட்டீங்க. வாய் தவறி வந்துடுச்சு, அன்பு மிகுதி, அப்படியே வச்சுக்குவோம். நானும் காலையிலருந்து அப்படித்தான் நெனச்சுக்கிட்டு ஸ்டோர்ல உக்காந்திருந்தேன். மத்தவங்களுக்கு ஹெல்மெட் குடுத்துக்கிட்டு. அண்ணிக்குச் சூது தெரியாது, வெள்ளை மனசுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு. ... இல்ல, கேளுங்க. இனிமேதான் விஷயமே இருக்கு. சேஃப்டி ஆபீசர்கிட்ட போனேன். நேராப் போய்க் கேட்டேன், 'சார், என் மேல என்ன புகார்?' அவரு ஒளிவு மறைவு இல்லாத ஆளு. 'கேபின்ல கிரேன் லீவரைப் பிடிச்சா உனக்குக் கை நடுங்குதாமே? லோடு தொங்கும்போது கண்ணை மூடிக்கிறியாமே?'ன்னாரு."

அவள் குரல் தணிந்தது. இத்தனை நேரம் கத்திய குரலைவிட இந்தக் குரல் ஆபத்தானது என்று அண்ணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் உங்ககிட்ட சொன்னது ஏணி, அண்ணி. லீவர்னு யார் சொன்னது? ... என்ன? ... தெரியாம மாத்திச் சொல்லிட்டீங்களா? கிரேனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், ஏணியும் லீவரும் ஒண்ணுன்னு நெனச்சீங்களா? ... ஓஹோ. ... தினம் காலையில ஒவ்வொரு தட்டா என்கூட எண்ணிக்கிட்டு ஏறினவங்க நீங்க. கேபின் கதவு திறக்கற சத்தம் கேட்டதும், 'அப்பாடா, உன் வீட்டுக்குள்ள போயிட்ட, இனி உனக்குப் பயமில்ல'ன்னு சொல்லிட்டு போனை வைக்கிறவங்க நீங்க. உங்களுக்கா தெரியாது? ... அண்ணி. ... அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன், ஆமா இல்லன்னு சொல்லுங்க, போதும். தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

கிரேனின் இரும்பில் எங்கோ தளர்ந்திருந்த ஒரு தகடு காற்றில் டிக், டிக் என்று தட்டியது. கொட்டகையிலிருந்து யாரோ டம்ளர் கழுவும் சத்தம்.

"... ம். தெரிஞ்சேதான்."

"... ஏணின்னு சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு நெனச்சீங்க. ஏணியில யாருக்குத்தான் பயமில்ல? லீவர்னு சொன்னா உடனே இறக்கிடுவாங்க. ... இன்ஜினியர் வீட்டுக்காரம்மா அங்க இருந்ததாலதான் சொன்னீங்க. அவங்களைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. ... சரி. ... சரி, அண்ணி. ... நல்லா யோசிச்சிருக்கீங்க. துணி வெட்டறதுக்கு முன்னாடி சாக்பீஸ்ல கோடு போடற மாதிரி, அளவெடுத்து."

அவள் எழுந்தாள். எழுந்தது தெரியாமலே எழுந்து, கட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்து, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றாள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கோபம் வந்தால் அவளுக்குக் காது சுடும். இப்போது கைதான் சில்லிட்டிருந்தது. நம்பி ஏறிய படி ஒன்று, ஏறிப் பல நாள் ஆன பிறகு, பின்னாலிருந்து கழன்று விழுகிற சத்தம் கேட்டதுபோல இருந்தது.

"ஏன்? ... இல்ல, ஏன்? ... என்னது? ... கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இங்க காத்தா இருக்கு. ... ம். ... தினமும் காலையில என் மூச்சைக் கேட்டுக்கிட்டு... ம். ... கால் வழுக்கினா அந்தச் சத்தத்தை உங்க காதாலதான் கேக்கணும்னு... ம். ... சாப்பாடு இறங்கல, ராத்திரி ஏணி கனவுல வருது. ... எனக்கு வர்றதில்ல, அண்ணி. உங்களுக்கு வருதா? ... ஏன் சொல்லல? ஒரு வார்த்தை 'என்னால முடியல, நாளையிலருந்து வேற யாரையாவது லைன்ல வச்சுக்க'ன்னு சொல்லியிருந்தா நான் என்ன உங்களைக் கடிச்சா வச்சிருப்பேன்? உங்க பயத்தை உங்க பேர்ல சொல்லி ஜெபம் கேட்டிருக்கலாமே. என் பேர்ல எழுதிட்டீங்களே. ... ஆமா ஆமா, பேர் சொல்லல, மன்னிச்சிடுங்க, பேர் சொல்லல."

பெருமூச்சு விட்டாள். பிறகு, இதுவரை மனசில் இல்லாத ஒன்று அப்போதுதான் உதித்ததுபோல, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, 'இங்கேயும் இருக்காரா'ன்னு கேப்பீங்களே... நான் 'இருக்காரு'ம்பேன். அப்ப நீங்க மனசுக்குள்ள என்ன வேண்டிக்கிட்டிருந்தீங்க? ... பரவால்ல, சொல்லுங்க. ... ம். ... நான் இறங்கிடணும்னு. ... தினமுமா? ... முதல் நாள்லருந்தே."

போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்தாள். 'அண்ணி' என்று இருந்தது, பக்கத்தில் ஒரு சின்னப் பூவின் படம். அண்ணியே வைத்துக் கொடுத்த படம். சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. ஒரே லைனில் இரண்டு ஜெபம் போயிருக்கிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க. இதைக் கதையாக எழுதினால் யாராவது நம்புவார்களா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மறுபடி காதில் வைத்தாள்.

"இருக்கேன். ... இருக்கேன், வைக்கல. ... இல்ல, நீங்க பேசாதீங்க, நான் பேசறேன். நான் தினமும் உங்க குரலைப் பிடிச்சிக்கிட்டு ஏறினேன். நீங்க அந்தப் பக்கத்துலருந்து என் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தீங்க. அன்பாத்தான் இழுத்தீங்க. அதனால வலி குறையுமா? எதிரி இழுத்தா உதறிட்டுப் போயிடலாம், அண்ணி. ... எங்கம்மா போன அப்புறம் எனக்குத் தலை பின்னிவிட்ட கை அது. அதை எப்படி உதறறது?"

சிக்னல்காரர் கொட்டகையிலிருந்து எழுந்து, கைகழுவிக்கொண்டே இவளைப் பார்த்தார். கையை மேலே காட்டி, பிறகு மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். நேரமாகிறது.

"வர்றேண்ணே! அஞ்சு நிமிஷம்! ... இல்ல அண்ணி, சிக்னல் அண்ணன். ... எதுக்கா? அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன், சண்டைபோட இல்ல. சண்டை வழியில சேந்துக்கிச்சு. சேஃப்டி ஆபீசர் ஒரு வாய்ப்பு குடுத்திருக்காரு. மத்தியான மணி அடிச்சதும் எல்லாரும் பாக்க நான் ஏறணும். ஒரு கம்பிக்கட்டு தூக்கி, மேல் தளத்துல வச்சு, திரும்பக் கீழ இறக்கணும். கை நடுங்குதான்னு அவரே பாக்கறாராம். நடுங்கலன்னா என் சீட்டு எனக்கு. பாதியில நின்னேன்னா, வேற சைட்லருந்து ஒரு ஆபரேட்டரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க, அவருக்கு. ... ஆமா, இப்பவே வந்தாச்சு. கறுப்புக் கண்ணாடி, பெரிய மீசை. சொந்தமா ஒரு தலையணைகூட கொண்டு வந்திருக்காரு, சீட்ல போட்டு உக்கார. என் சீட்ல. ... லோடுக்கு நான் பயப்படல, அண்ணி. உங்களுக்கே தெரியும். ஏணிதான். நடுவுல விரல் பூட்டிக்கிச்சுன்னா, இத்தனை பேர் முன்னால, நீங்க சொன்ன பொய் நெசமாயிடும்."

"... முடியாது. போன் கூடாது. காதுல எதுவும் மாட்டக் கூடாதுன்னுட்டாரு. நீங்க குடுத்த குறிப்புல அதுவும் இருந்திருக்கு, போன் பேசிக்கிட்டே ஏறறான்னு. ... அது நெசந்தான், அதுல நான் என்ன சொல்றது? தப்புதான். ... அதனாலதான் சொல்றேன், நீங்க இன்னைக்கு லைன்ல இருக்க வேண்டாம். இனிமேலும் வேண்டாம்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி அழும்போது மூக்கை உறிஞ்சுவது, சின்ன வயதில் பள்ளிக்கூட விழாவில் தனக்காக முன்வரிசையில் உட்கார்ந்து அழுதபோது கேட்ட அதே சத்தம். மனசு ஒரு பக்கம் சாயப் பார்த்தது. அவள் விடவில்லை.

"இருங்க. ... இருங்க, நான் ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் சொன்னதில்ல. காத்தடிச்ச அன்னைக்கு, நான் மேலருந்து உங்களைக் கூப்பிட்டேன்ல? நீங்க விடாம ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தீங்கல்ல? ... ஆமா, சபையில சாட்சிகூட சொன்னீங்க, போன்லயே ஜெபிச்சு அவளை இறக்கினேன்னு. ... அன்னைக்கு லைன் பாதியிலேயே போயிடுச்சு, அண்ணி. ... ஆமா. நீங்க 'ஆண்டவரே'ன்னு ஆரம்பிச்சீங்க, அதோட சரி, அப்புறம் போன்ல டவர் இல்ல. நீங்க யார்கிட்ட பேசிட்டிருந்தீங்களோ. ... சொல்லி உங்க சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

இன்றைக்கு வரை அவளே அதைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. சொல்லச் சொல்லத்தான் அந்த நாள் அவளுக்கு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடியில் மழை குறுக்காக ஓடியது. ஊர் முழுவதும் வட்டமாகச் சுற்றியது. கையில் செத்த போன்.

"பிரேக்கை விட்டாச்சு. இனி செய்யறதுக்கு என் கையில ஒண்ணுமே இல்ல. கிரேன் அது பாட்டுக்கு சுத்துது. அப்ப நான் கத்தினேன், அண்ணி. 'ஆண்டவரே, இங்கேயும் இருக்கீங்களா?'ன்னு. மரியாதையா எல்லாம் கேக்கல, சண்டைக்காரி மாதிரி கத்தினேன். ... பதில் ஒண்ணும் வானத்துலருந்து வரல. ஆனா கொஞ்ச நேரத்துல, அது எப்படின்னு சொல்லத் தெரியல... தனியா இருக்கற மாதிரி இல்ல. அவ்வளவுதான். யாரோ பக்கத்துல உக்காந்திருந்தா எப்படி நாம பேசாம இருப்போமோ, அப்படிப் பேசாம இருந்தேன். ... அந்தக் கேள்வி என்னோடது. மறுநாள் நான் உங்ககிட்ட சொன்னேன், நீங்க எடுத்துக்கிட்டீங்க. இத்தனை நாளா நீங்க கேட்டு நான் பதில் சொன்னதால, அது உங்களோடதுன்னு நானே நெனச்சிட்டேன் போல."

"... இல்ல. நீங்க கேட்டது பொய்யா இருக்கலாம். நான் சொன்ன பதில் பொய்யில்ல. ஒரு தட்டுலகூட பொய்யில்ல. அதுதான் இப்ப எனக்குப் புரியுது."

சைட்டின் மணி அடித்தது. தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அதைக் கம்பியால் அடிப்பதுதான் மணி. கொட்டகையில் ஆட்கள் எழுந்தார்கள். மீசைக்காரர் தலையணையைத் தட்டிப் புழுதி போக்கினார். சேஃப்டி ஆபீசர் ஏணியின் அடியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளுடைய உள்ளங்கை வேர்த்துவிட்டது. பேண்டில் துடைத்தாள். மறுபடி வேர்த்தது.

"மணி அடிச்சாச்சு. கேட்டுச்சா? ... ஆமா. ... பயமாத்தான் இருக்கு. ஏன் இல்லாம? ... வேண்டாம், நீங்க கிளம்பி வராதீங்க. வந்து கீழ நின்னு அண்ணாந்து பாத்து அழுதீங்கன்னா மீசைக்காரருக்கு அப்பவே சீட்டைக் குடுத்துடுவாங்க. ... மன்னிக்கவா?"

ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள். ஒரே கையால் பூட்டியதால் இரண்டு தரம் தவறியது.

"மன்னிக்கணும்னு தெரியும், அண்ணி. ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துல உக்காந்து ஒரே புஸ்தகத்தைப் பிடிச்சிக்கிட்டுப் பாடணும், அதுவும் தெரியும். மன்னிச்சிட்டேன்னு இப்ப வாயால சொல்லிட்டா அதுவும் நீங்க சொன்ன லீவர் மாதிரி பொய்யாயிடும். ... இன்னைக்கு முடியல. ஏணியே ஒரே நாள்ல ஏறிப் பழகல நான். இதுக்கும் தட்டுத் தட்டாத்தான் ஏறணும். ... வேணும்னா இதுக்கும் ஒரு ஜெபக்குறிப்பு குடுங்க. பேர் சொல்லாம."

அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் ஏதோ அழுகைக்கு நடுவே உடைந்தது. சிரிப்பா, விக்கலா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. சட்டென்று அவள் அதை வெட்டினாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு. நான் மேல போயிட்டிருக்கும்போது நீங்க ஜெபம் பண்ணாம இருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். பண்ணுங்க. ஆனா இந்தத் தடவை என்ன கேக்கப் போறீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. ... யோசிக்காதீங்க. எனக்குப் பிடிக்கும்ங்கறதுக்காகச் சொல்லாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

சிக்னல்காரர் போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடி பக்கத்தில் வந்து நின்றார். அவள் ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள் என்றாள்.

"... ம். ... ம். ... இன்னும் அதேதானா. நான் இறங்கிடணும்னுதான். ... இல்ல, கோபமில்ல. பொய் சொல்லாம சொன்னீங்களே. இன்னைக்கு இது ஒண்ணுதான் நீங்க எனக்குக் குடுத்தது. ... கேளுங்க. தாராளமா அதையே கேளுங்க. இறங்கத்தான் போறேன், அண்ணி. சாயங்காலம். வேலையை முடிச்சிட்டு. ஏணி வழியா. ... வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். போனைச் சிக்னல்காரரின் கையில் கொடுத்து, பெல்ட்டின் கொக்கியை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, வெயிலில் காய்ந்திருந்த முதல் கம்பியைப் பிடித்தாள். அவளுக்கு முன்னால் ஏணி, அதன் முடிவில் முதல் தட்டு. அங்கே காலை வைத்ததும் கேட்பதற்கு இன்றைக்கு ஆள் இல்லை. கேள்வியையும் தானே எடுத்துக்கொண்டு ஏறினாள்.